ஓர் இளஞ்சிவப்புக் கறையும் இரண்டரை லட்சம் ரூபாயும்

வைகாசி மாதத்து விடியற்காலை ஒன்றில், கோப்பாயில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவின் சீமெந்துத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் கிடந்தது. மழை பெய்து மூன்று கிழமை ஆகியிருந்தது. அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அது ஏ.சி. தண்ணி. விடு."

அப்படி நினைத்ததில் பிழை இல்லை. எங்கள் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, ஏ.சி. போட்டு ரவுணுக்குப் போய்வந்து காரை நிறுத்தினால் கீழே ஒரு செம்பு தண்ணீராவது சொட்டும். ஆனால் அது சொட்டுவது முன் ஆசனத்தில் இருப்பவரின் கால்மாட்டுக்கு நேர் கீழே. இந்த ஈரம் அதற்கும் முன்னால், பம்பருக்கு அடியில் கிடந்தது. குனிந்து விரலால் தொட்டேன், வழுக்கியது. மணந்து பார்த்தேன். சின்ன வயதில் குடித்த இருமல் பாணி மாதிரி ஓர் இனிப்பு மணம். காய்ந்த ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது.

முதல் வேலையாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அந்த இடத்தைக் கழுவினேன். அது கூலன்ற், எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுக்கிற திரவம். கூலன்ற்றில் இருக்கிற எதிலீன் கிளைக்கோல் இனிப்பான சாமான். நாய் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்விடும். எங்கள் ஜிம்மிக்கு எதை நக்குவது, எதை விடுவது என்ற விவஸ்தையே கிடையாது.

கார் ஜப்பானில் செய்த சின்னக் கார். 2014 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, ஒரு லீற்றர் எஞ்சின், ஓடிய தூரம் 118,000 கிலோமீற்றர். எந்த பிராண்ட் என்று சொல்லப் போவதில்லை. இந்த நாட்டில் பிராண்டின் பெயரைச் சொன்னால் ஏஜென்ற்றின் பெயரையும் சொன்ன மாதிரித்தான்.

இந்தக் காரில் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் கிடையாது. டாஷ்போர்டில் ஒரு நீல விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். எஞ்சின் குளிராக இருக்கும்போது நீலம் எரியும், சூடானதும் அணைந்துவிடும். அதன்பிறகு சிவப்பு எரிகிற வரைக்கும் கார் உங்களோடு ஒன்றும் பேசாது. சிவப்பு எரிகிறபோது பல நேரம் அலுமினிய எஞ்சின் தலை வளையத் தொடங்கியிருக்கும். அதனால்தான் தரையில் கிடக்கிற கறையை நான் பெரிதாக எடுத்தேன். இந்த மாதிரிக் காரில் நோய் வாய் திறக்கிற இடம் அது ஒன்றுதான்.

அன்று இரவு பிஸ்கற் பெட்டி ஒன்றைப் பிரித்து அந்த மட்டையைக் காருக்குக் கீழே விரித்தேன். பொனற்றைத் திறந்து, கூலன்ற்றின் மேலதிகத் தாங்கியில் அப்போதைய மட்டத்துக்கு நேரே கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். எல்லாம் எஞ்சின் ஆறிய பிறகுதான். கூலன்ற்றை ஆறவைக்கிற றேடியேற்றரின் மூடியைச் சூட்டோடு திறக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். பிறசர் குக்கரின் மூடியை ஆவி போகமுதல் திறப்பார்களா? இதுவும் அதே சங்கதிதான். மூடியின் தலையிலே 1.1 என்று அடித்திருக்கும். சுற்றுக் காற்றின் அமுக்கத்துக்கு மேலே இன்னும் 1.1 பார் அமுக்கத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும் என்று பொருள். அந்த அமுக்கத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 120 தாண்ட வேண்டும். திறந்த அந்தக் கணத்தில் அமுக்கம் போய்விடும், உள்ளே இருப்பது முழுதும் கொதித்து முகத்துக்கு வரும்.

நான்கு நாளில் கோட்டிலிருந்து இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டது. மட்டையில் ஒவ்வொரு காலையும் கறை. ஆனால் ஒரு வேடிக்கை. கிட்ட ஓடிய நாளில் கறை சின்னது. சாவகச்சேரிக்குப் போய்வந்த நாளில் பெரியது. அதுவும் வந்து நிறுத்திய கையோடு ஒன்றும் இல்லை, ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் சொட்டத் தொடங்கும். பிறகுதான் விளங்கியது. எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பும் நின்றுவிடும். எஞ்சின் இரும்பில் இருக்கிற சூடு அப்படியே தண்ணீருக்குள் இறங்க, கொஞ்ச நேரத்துக்கு அமுக்கம் கூடும். அதன்பிறகு எல்லாம் ஆறிச் சுருங்கும். பிளாஸ்ரிக் ஒரு அளவுக்குச் சுருங்கும், அலுமினியம் வேறொரு அளவுக்கு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் இடைவெளி இருந்தால் அங்கே கசியும்.

சரி, இது தெரிந்தவர்களிடம் போவோம் என்று கொம்பனியின் சேர்விஸ் நிலையத்துக்கே கொண்டுபோனேன்.

குளிரூட்டிய அறை, கண்ணாடிச் சுவர், நல்ல கோப்பி. காரை உள்ளே எடுத்துப் போனார்கள். பரிசோதனைக் கட்டணம் 5,500 ரூபாய். அதில் எனக்கு மனக்குறை இல்லை, பார்ப்பதும் ஒரு வேலைதானே. 25 நிமிடத்தில் ஒரு தம்பி கடதாசியோடு வந்தார்.

"றேடியேற்றர் மாத்த வேணும் சேர். அதோட வோட்டர் பம்ப், தேர்மோஸ்ரற், ரெண்டு ஓஸ். எல்லாம் சேத்து மாத்தினாத்தான் நல்லம்."

"எந்த இடத்தில ஒழுகுது எண்டு பாத்தீங்களோ?"

"றேடியேற்றர்தான் சேர்."

"றேடியேற்றரில எங்க?"

அவர் கடதாசியைப் பார்த்தார். கடதாசியில் அது இல்லை. "இந்த மைலேஜுக்கு இப்பிடித்தான் சேர் மாத்தச் சொல்லுறது."

உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வேலைத்தளத்துக்குள் வாடிக்கையாளரை விடுவதில்லையாம், பாதுகாப்புக் காரணம். அதுவும் நியாயம்தான். பம்பை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "எப்பிடியும் ஒரு நாள் போகும்தானே சேர்" என்றார். அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். அவருக்கு யாரோ ஒரு பட்டியலைக் கொடுத்திருக்கிறார்கள், அதை அவர் எனக்கு வாசித்தார்.

கொட்டேசனை இங்கே அப்படியே தருகிறேன். றேடியேற்றர் 98,500. வோட்டர் பம்ப் 46,000. தேர்மோஸ்ரற் 14,800. றேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓடுகிற றப்பர் குழாய்களான மேல் ஓஸ், கீழ் ஓஸ் இரண்டும் சேர்த்து 22,600. கூலன்ற் 14,400. கூலி 24,000. கூட்டினால் 220,300. அதற்கு மேலே 18 வீதம் வற் வரி. மொத்தம் 259,954 ரூபாய்.

அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். சாமான்கள் ஏன் இந்த விலை என்பது எனக்கு விளங்காமல் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்ப் பக்கம் இருந்தது. மே மாதம் 360 பக்கம் போய்விட்டது. வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட ஐந்து வருடமும் ஊரில் இருந்த பழைய கார்களையே எல்லோரும் கட்டி மாரடித்தோம். பழைய கார் என்றால் சாமானுக்குத் தேவை கூடும், தேவை கூடினால் விலையும் கூடும். இதற்கெல்லாம் அந்தக் கொம்பனியைக் குறை சொல்ல முடியாது. என்னை உறுத்தியது வேறு. இரண்டரை லட்சத்துக்குப் பட்டியல் போட்டவர்களால், எங்கே ஒழுகுகிறது என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அப்பாவிடம் கொட்டேசனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியாக வாசித்து, "இந்தக் காசுக்கு நான் ஏ-40 மூண்டு வாங்கியிருப்பன்" என்றார். அவர் வாங்கிய காலத்து ரூபாய்க்கு முப்பதும் வாங்கியிருக்கலாம், அது வேறு கதை.

அப்பாவின் பழைய கார், ஒஸ்ரின் ஏ-40 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் றேடியேற்றர் பித்தளையும் செம்பும். ஒழுகினால் கழற்றி, தணல் அடுப்பில் இரும்பைக் காய்ச்சி, ஈயம் வைத்து ஒட்டிவிடுவார்கள். அதற்கென்றே ஊரில் ஆட்கள் இருந்தார்கள். அவசரத்துக்கு ஒரு கை மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து றேடியேற்றருக்குள் ஊற்றுவதும் நடந்தது. தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். ஓட்டையில்லாத குழாய்களிலும் அடைத்துக்கொள்ளும் என்பதைப் பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அன்று, எங்கள் ஏ-40 சனத்துக்கு நடுவே அங்குலம் அங்குலமாக நகர்ந்து, நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டக் கொதித்து நின்றது. அப்பா குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்து, பெய்த மழையை ஏந்தி றேடியேற்றருக்குள் ஊற்றினாராம். எனக்கு அப்போது ஐந்து வயது. பின் சீற்றில் பானை சட்டிகளுக்கு நடுவே இருந்தது மட்டும் நினைவு.

அதற்கு முன்னும் அப்பா மழைத் தண்ணீரைத்தான் அந்தக் காருக்கு ஊற்றுவார். குசினிக்குப் பின்னால் பீலித் தண்ணீர் பிடித்து வைக்கிற ஒரு பீப்பா இருந்தது. காரணம் கேட்டால் கேத்திலைக் காட்டுவார். யாழ்ப்பாணம் முழுதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிற நிலம். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவது அதுதான். றேடியேற்றரின் குழாய்கள் கேத்தில் மாதிரி அகலமானவை அல்ல, உள்ளே ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் இடைவெளிதான். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கொக்குவிலில் ஒரு கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பூவரசு, அதன் கீழே இரண்டு கார், தகரக் கொட்டில், அங்கே வேலை செய்கிற அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் கொட்டேசனை எடுக்கப் போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

"அதைப் பிறகு பாப்பம் தம்பி. முதல்ல காரைக் காட்டும்."

எஞ்சின் எண்ணெய் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார். கூலன்ற் எண்ணெய்க்குள் போயிருந்தால் அது பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். இல்லை. ஆறிய எஞ்சினில் றேடியேற்றர் மூடியைத் திறந்துவைத்து ஸ்ரார்ட் பண்ணச் சொல்லி, வாயில் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. பின்னால் போய்ப் புகைக்குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றார். "ஹெட் கேஸ்கற் தப்பியிட்டுது" என்றார். எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கிற அடைப்புத் தகடு அது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அது போயிருந்தால் எஞ்சினைத் திறக்க வேண்டும். அதைப் பற்றிக் கொம்பனிக் கடதாசியில் ஒரு சொல் இல்லை.

பிறகு கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்ப், தலையில் ஒரு மீற்றர். றேடியேற்றர் மூடி இருக்கிற இடத்தில் அதைப் பூட்டி, 1.1 வரைக்கும் அடித்தார். அதற்கு மேல் அடிக்கக்கூடாது, நல்ல இடமும் வெடித்துவிடும். அடித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.

"எஞ்சின் ஓடேக்கை உள்ளுக்க வாற அமுக்கத்தைக் குளிரிலயே குடுக்கிறம். கை சுடாது, ஃபான் வந்து அடிக்காது, ஆறுதலாத் தேடலாம்."

பத்து நிமிடத்தில் முள் 0.8 க்கு இறங்கியது. எங்கோ போகிறது. கீழே இருக்கிற பிளாஸ்ரிக் தட்டைக் கழற்றப் படுத்தவர், அப்படியே என்னைக் கூப்பிட்டார். நானும் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் படுத்தேன். தட்டைப் பிடித்திருக்கிற கிளிப்புகளைக் காட்டினார். ஏழு கிளிப். ஏழிலும் எங்கள் கோப்பாய்ச் செம்மண் இறுகிப்போய்க் கிடந்தது, செங்கல் மாதிரி. ஸ்குரூ டிரைவரால் குத்தித்தான் கழற்ற வேண்டியிருந்தது.

"இது கனகாலமாக் கழட்டேல்லை" என்றார். கொம்பனிக்குப் போய் அப்போது மூன்று நாள்.

அவருக்கு நான் கொம்பனிக்குப் போனதே தெரியாது. நான் பேசாமல் இருந்தேன். 5,500 ரூபாய், கோப்பி, கண்ணாடிச் சுவர் எல்லாம் அந்த ஏழு கிளிப்புகளுக்கு முன்னால் எனக்கு நினைவுக்கு வந்தன. மேலே நின்று பொனற்றைத் திறந்து பார்த்திருப்பார்கள், ஒருவேளை இளஞ்சிவப்பு உப்பு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டிருக்கும். கீழே ஒருவரும் படுக்கவில்லை.

கறை விழுகிற இடம் இடப்பக்கம். அதனால் றேடியேற்றரின் கீழ்த் தாங்கியின் இடப்பக்க மூலையில்தான் ஓட்டை என்று நான் முடிவே கட்டியிருந்தேன். அண்ணை சிரித்தார்.

"ஓட்டு வீட்டில இருந்த ஆள்தானே நீர்? கூரையில ஒழுகிற இடத்துக்கு நேர கீழையோ வீட்டுக்குள்ள சொட்டினது?"

டோர்ச்சைப் பிடித்தபடி கீழிருந்து மேலே, ஈரத்தின் தடத்தோடே ஏறினார். அலுமினிய இதழ்களுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு, காய்ந்து வெளிறிய இளஞ்சிவப்பு. அது போய் முடிந்தது மேல் தாங்கியில், அதுவும் வலப்பக்கத்தில், பிளாஸ்ரிக் தாங்கியை அலுமினியம் மடிந்து கவ்விப் பிடிக்கிற விளிம்பில். துணியால் துடைத்துவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடத்துக்குள் அந்த விளிம்பில் கடுகளவு துளி ஒன்று வந்து நின்றது.

அந்த விளிம்புக்குள் ஒரு றப்பர் வளையம் இருக்கும். பத்து, பன்னிரண்டு வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, றப்பர் பழைய தோசை மாதிரி விறைத்துவிடும், பிளாஸ்ரிக்கும் நொறுங்கத் தொடங்கும். ஏ-40 க்கு ஒட்டிய மாதிரி இதற்கு ஈயம் ஒட்ட முடியாது. பிளாஸ்ரிக்கில் ஈயம் பிடிக்காது. மடிப்பைத் திறந்து வளையத்தை மாற்றி மறுபடி மடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தாங்கி நொறுங்குகிற நிலையில் இருந்தால் அது வீண் வேலை. அண்ணை நகத்தால் தாங்கியின் ஓரத்தைச் சுரண்டினார், தூளாக வந்தது. "மாத்தத்தான் வேணும்."

அதாவது, கொம்பனி சொன்னது சரி. றேடியேற்றர் மாற்றத்தான் வேண்டும். இதை மறைத்துவிட்டு எழுதினால் கதை இன்னும் காரமாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். அவர்கள் பார்க்காமலே சொன்னது பலித்துவிட்டது. சோதிடமும் சில நேரம் பலிக்கும்.

மற்றவற்றுக்கு வருவோம். வோட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே இருக்கிற அடைப்பு தேய்ந்தால் கூலன்ற் முதலில் அதன் வழியாகத்தான் வெளியே வரும், அதற்கென்றே வைத்த துளை அது. விரலை விட்டுப் பார்த்தோம், உலர்ந்து கிடந்தது, கறை இல்லை. கப்பியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை. பம்ப் நல்லாயிருக்கிறது. எங்கள் காரில் பம்ப் இருப்பது எஞ்சினின் மற்றப் பக்கம், றேடியேற்றரைக் கழற்றினால் அதோடு சேர்ந்து வருகிற சாமானும் அல்ல. மேல் ஓஸ் நல்லது. கீழ் ஓஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் ஊதி, அமுக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது. அது போக வேண்டியதுதான். ஆகவே கொம்பனிக்கு ஓஸ் விஷயத்தில் பாதி மதிப்பெண்.

பிறகு அண்ணை அந்தக் கைப்பம்பில் றேடியேற்றர் மூடியைப் பூட்டி அமுக்கிப் பார்த்தார். 1.1 பிடிக்க வேண்டிய மூடி, 0.6 இலேயே விட்டுவிட்டது. உள்ளே றப்பர் வெடித்திருந்தது. புது றேடியேற்றர் போட்டு இந்த மூடியையே திரும்ப மாட்டியிருந்தால், ஏ-9 வீதியில் எங்கேயாவது கொதித்து நின்றிருப்பேன். கொம்பனிப் பட்டியலில் இருந்த எல்லாவற்றிலும் மலிவாக இருந்திருக்க வேண்டிய சாமான் இது. அது பட்டியலிலேயே இல்லை.

அண்ணையைப் பற்றி நல்லது மட்டுமே சொல்லப் போவதும் இல்லை. தேர்மோஸ்ரற்றைக் கையில் எடுத்து, "இது எங்கட வெய்யிலுக்குத் தேவையில்லாத சாமான். கழட்டி எறிஞ்சுவிடுவம்" என்றார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள். இது பிழையான வைத்தியம். எஞ்சின் சூடாகும் வரைக்கும் கூலன்ற்றை றேடியேற்றருக்குப் போகவிடாமல் மூடி வைத்திருக்கிற வால்வு அது. தேர்மோஸ்ரற் இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும். நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்பியூட்டர் இன்னும் குளிர்தான் என்று நினைத்துப் பெற்றோலைக் கூட ஊற்றும். வெயில் 34 பாகை, எஞ்சினுக்கு வேண்டியது 80 க்கு மேல். வன்னி வெயிலாலும் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. சொன்னேன். கொஞ்சம் முகம் சுருங்கியது. பிறகு பெடியனைக் கூப்பிட்டு, தேத்தண்ணி வைத்த கேத்திலுக்குள் தேர்மோஸ்ரற்றைக் கம்பியில் கட்டி இறக்கச் சொன்னார். அதன் முதுகில் 82 என்று இருந்தது. தண்ணீர் கொதிக்க வரும்போது வால்வு மெதுவாக வாய் திறந்தது, வெளியே எடுத்து ஆறவிட, மூடியது. "சரி, நல்ல சாமான்தான், இருக்கட்டும்" என்றார். அந்தக் கேத்தில் தேத்தண்ணியை அதன்பிறகு நான் குடிக்கவில்லை.

றேடியேற்றரைக் கழற்றிக் கவிழ்த்தபோதுதான் நான் தலைகுனிய வேண்டியதாயிற்று. இளஞ்சிவப்பாக வர வேண்டியது, கழுவின அரிசித் தண்ணீர் மாதிரி வெளிறிய நிறத்தில் வந்தது. தாங்கியின் உள்சுவரில் வெள்ளைச் செதில். அண்ணை என்னைப் பார்த்தார்.

"கிணத்துத் தண்ணி விட்டது ஆர்?"

நான்தான். இரண்டு வருடமாக, மட்டம் குறைந்தபோதெல்லாம், கிணற்றடி வாளியால். யாழ்ப்பாணத்தில் என்ன உறையப்போகிறது, உறையாமல் இருக்கிற மருந்துக்கு எதற்குக் காசு என்று நினைத்தேன். கூலன்ற் உறைவதைத் தடுக்கிறது என்பது அதன் ஒரு வேலை மட்டுமே. அலுமினியம் அரிக்காமல் காப்பதும் கொதிநிலையைக் கூட்டுவதும் அதே கூலன்ற்தான். கிணற்றுத் தண்ணீரால் அதை நீர்த்துப்போகச் செய்து, மேலதிகமாகச் சுண்ணாம்பையும் உள்ளே அனுப்பியிருக்கிறேன். பீலித் தண்ணீர் பிடித்த அப்பாவின் மகன்.

புதுச் சாமான் வாங்க ஸ்ரான்லி வீதிக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒறிஜினல் இல்லை, கொழும்பில் பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்துத் தரலாம் என்றார்கள். கழற்றிய பழையது ஒன்றும் இருந்தது, 18,000. அது என்ன தண்ணீர் குடித்து வளர்ந்ததோ என்று விட்டுவிட்டேன். தாய்வானில் செய்த புதியது 32,000. மூடி 2,800, கீழ் ஓஸ் 5,500, கலந்து வருகிற கூலன்ற் நான்கு லீற்றர் 9,600. கலக்காதது வாங்கினால் பற்றரி வோட்டர் விட்டுத்தான் கலக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீர் கூடாது என்று கடைக்காரரும் சொன்னார். என் முகத்தில் எழுதியிருந்ததோ தெரியாது.

பூட்டி முடித்தது பின்னேரம் நான்கு மணிக்கு. காற்று எடுப்பதுதான் நீண்ட வேலை. உள்ளே காற்றுக் குமிழி நின்றால் புது றேடியேற்றரும் உதவாது. காரின் மூக்கை மண்மேட்டில் ஏற்றி வைத்து, மூடியைத் திறந்து, ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டுவிட்டு, ஃபான் இரண்டு தரம் வந்து நிற்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஜப்பானில் பனிக்காகப் பூட்டி அனுப்பிய ஹீற்றரை நான் முதன்முதலாகப் போட்டது அன்றுதான், யாழ்ப்பாணத்து வெயிலில், உள்ளே நானும் இருந்துகொண்டு.

கூலி 6,500. எல்லாம் சேர்த்து 56,400 ரூபாய்.

259,954 எங்கே, 56,400 எங்கே என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம். நண்பர்களிடம் அப்படித்தான் சொன்னேன், எல்லோரும் தலையில் கைவைத்தார்கள். ஒருவர் உடனே 1977 என்ற இலக்கத்துக்கு அடித்து நுகர்வோர் அதிகாரசபையில் முறையிடச் சொன்னார். ஆனால் அந்த ஒப்பீடு நேர்மையானது அல்ல. அங்கே ஒறிஜினல், இங்கே தாய்வான். அங்கே வரி, இங்கே துண்டுக் கடதாசி. கொட்டேசன் கொடுப்பது குற்றமும் அல்ல, நான் மறுத்துவிட்டு வரத்தான் வந்தேன்.

நேர்மையாகக் கணக்குப் போட்டால் இப்படி வரும். கொம்பனியிலேயே, அவர்கள் விலையிலேயே, தேவையானதை மட்டும் மாற்றினால்: றேடியேற்றர் 98,500, கீழ் ஓஸ் ஏறத்தாழ 11,800, கூலன்ற் 14,400, கூலியைக் குறைக்காமலே 24,000. கூட்டி, வரியும் போட்டால் 175,466. மூடியின் விலை தனி. அவர்கள் கேட்டதற்கும் இதற்கும் இடையே 84,488 ரூபாய். ஒருவர் ஏழு கிளிப்பைக் கழற்றி, பத்து நிமிடம் பம்ப் அடித்துப் பார்க்காமல் விட்டதன் விலை அது. ஒறிஜினலின் விலையை நான் மறுபேச்சின்றிக் கொடுத்திருப்பேன். இந்த 84,488 ஐத்தான் கொடுக்க மனம் வரவில்லை.

பட்டியலாக மாற்றுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கொம்பனி உத்தரவாதம் கொடுக்கிறது. றேடியேற்றரை மட்டும் மாற்றிவிட்டு மூன்று மாதத்தில் பம்ப் ஒழுகினால், "உங்களிடம்தானே செய்தேன்" என்று நான்தான் போய்ச் சண்டை பிடிப்பேன். அந்தச் சண்டைக்குப் பயந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். அப்படியென்றால் அதை அப்படியே சொல்லலாம். இது ஒழுகுகிறது, இது ஒழுகவில்லை, ஆனாலும் மாற்றினால் நாங்கள் நிம்மதியாக இருப்போம். எதை வாங்குவது என்று நான் முடிவெடுப்பேன்.

பழைய றேடியேற்றரைக் கேட்டு வாங்கி வந்தேன். போர்ட்டிகோ மூலையில் கிடக்கிறது. பழைய இரும்பு எடுக்க வருகிறவர் இரண்டு தரம் விலை கேட்டுவிட்டார். அலுமினியத்துக்கு நல்ல விலையாம்.

ஒரு கிழமை கழித்துக் கொம்பனியிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தார். "எங்கட சேவைக்குப் பத்துக்கு எத்தினை புள்ளி குடுப்பீங்கள் சேர்?" கோப்பிக்கு ஒன்பது கொடுக்கலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. கீழ்த்தட்டின் கிளிப்புகளைக் கழற்றவே இல்லை என்பதை விளங்கப்படுத்தினேன். "பதிஞ்சுகொள்ளுறன் சேர்" என்றார். அதற்குள் புள்ளி போடுகிற பெட்டி எதுவும் இருந்திருக்காது.

அண்ணையோடுதான் இன்னும் ஒரு வழக்கு முடியவில்லை. அன்று 6,500 கொடுத்தபோது, ரெஸ்ற் பண்ணினதுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "பாத்ததுக்கெல்லாம் காசு வேண்டுறேல்லை தம்பி" என்றார், நான் அவரை அவமதித்துவிட்ட மாதிரி. அரை நாள் மண்ணில் கிடந்து தேடியிருக்கிறார், அதற்கு ஒன்றும் இல்லையாம், ஒரு மணித்தியாலம் பூட்டினதற்கு மட்டும் காசாம். பூட்டுவது எனக்கே முடியும் அண்ணை, தேடுவதுதான் முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மாரி தொடங்கமுதல் ஒருக்காக் கொண்டுவரட்டாம், திரும்பவும் 1.1 அடித்துப் பார்ப்பாராம். போகும்போது 2,000 ரூபாயை மடித்து அந்தப் பம்ப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். பெடியன் கண்டால் எடுத்துக் கொடுத்துவிடுவான், அதுதான் யோசனை.